ஊரை விட்டுக் கிளம்பியபோது வழியில் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்

எட்டயபுரத்தான்:

எனக்கு வயது 24. சென்னையில் இரவு நேரப் பணி. தன் காப்பீட்டுத் தொகையை ஏன் மறுத்தார்கள் என்று புரியாமல் எங்கோ ஒரு தேசத்துக்காரர் எரிச்சலோடு அனுப்பும் மின்னஞ்சலுக்கு, அவருடைய பகலில், என்னுடைய நள்ளிரவில் பணிவாகப் பதில் எழுத வேண்டும். சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது. மேலாளரும் நல்லவர். அதுதான் சிக்கலே. சண்டை போட்டுக்கொண்டு வெளியேறக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

விடிந்து அறைக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. கைப்பேசியில் ரயில் கால அட்டவணை பார்ப்பேன். டிக்கெட் எடுக்கப் போவதில்லை. கூடூர், ஓங்கோல், ராஜமுந்திரி என்று நிலையங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போவதில் ஒரு சுகம். எங்கேயாவது போய்விட வேண்டும் என்று இருக்கிறது. எங்கே, எதற்கு என்று கேட்டால் வாய் திறக்க முடியவில்லை. வீட்டில், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறார்கள். நண்பர்கள், "மணாலிக்கு ஒரு வாரம் போய் வா" என்கிறார்கள். பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஆவி பறக்க மேகி சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை இரவு அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பெருமூச்சுதான் விடுகிறார்கள்.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எதற்கெடுத்தாலும் பாரதியைக் காட்டுவார்கள். எனக்கு மேடையில் முழங்கும் பாரதி நினைவுக்கு வருவதில்லை. 1898-இல் அப்பா இறந்துபோக, மீசை அரும்பும் வயதில் காசியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனானே, அந்தப் பையன்தான் வருகிறான். அங்கே அனுமன் காட் என்ற கங்கைப் படித்துறைப் பக்கம் சில ஆண்டுகள். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் வேலை, ஒட்டவில்லை. 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியர். அதே ஆண்டு சென்னையில் பத்திரிகை. 1908-இல் புதுச்சேரி. இந்தத் தன்விவரத்தை இன்று எந்த நிறுவனத்தில் நீட்டினாலும், "எங்குமே நிலைக்கவில்லையே, ஏன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அறிவுரை வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அறிவுரைக்கு வீட்டில் பஞ்சமில்லை. நீங்கள் கிளம்பிப் போனபோது வழியில் பார்த்த ஓர் ஆளைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.


பொருநைக்கரை:

தம்பி, நான் திருநெல்வேலிப் பக்கம். கட்டடப் பொறியியலில் டிப்ளமோ. ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்துவிட்டு, பில் பாஸாகவில்லை என்று மாதக்கணக்கில் சம்பளம் இழுத்தடிக்கப்பட்டதில் வெறுத்துப்போய் நின்ற காலம் அது. கன்னியாகுமரியில் போய் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினேன். நம் நாட்டிலேயே அதிக தூரம் ஓடும் ரயில் என்ற ஒரே காரணத்துக்காக. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரைக்கும் 4,100 கிலோமீட்டருக்கு மேல். இரவுகள் மட்டுமே மூன்றுக்குக் குறையாது. 2011-இல் விட்டார்கள், விவேகானந்தரின் 150-ஆவது பிறந்த ஆண்டை முன்னிட்டு வந்த பெயர். அவரும் ஒரு நாடோடியாக அலைந்துதான் 1892 டிசம்பரில் குமரிமுனைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 29 வயது. கப்பலேறும் பணத்துக்காக ஊர் ஊராக வசூல் செய்தவர்கள் அளசிங்கப் பெருமாளும் அவரைச் சேர்ந்த சென்னை இளைஞர்களும். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள் அந்த வசூல்காரர்கள்தான். அவர்களுடைய பெயரில் ரயில் ஏதும் இல்லை.

பொதுப் பெட்டியில் ஏறினேன். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். சுகமாகப் போகக்கூடாது என்ற இளவயது வீம்பு இன்னொன்று. எர்ணாகுளம், ஆலுவா வந்ததும் பெட்டி நிரம்பியது என்று சொன்னால் போதாது, பிதுங்கியது. பெரும்பாவூர் ஒட்டுப்பலகை ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கும் அசாம்காரர்கள், முர்ஷிதாபாத் வங்காளிகள். நான்கு பேர் இருக்கையில் ஏழு பேர். சாமான் வைக்கும் கம்பிகளுக்கு நடுவே வேட்டியைக் கட்டித் தூளியாக்கிப் படுத்திருந்தார்கள். பொரியில் கடுகெண்ணெய் ஊற்றி, பச்சைமிளகாயை நறுக்கிப் போட்டுப் பிசைந்து, யார் எவர் என்று பார்க்காமல் கை நீட்டியவருக்கெல்லாம் கொடுத்தார்கள். கடுகெண்ணெய் வாசனை முதலில் மூக்கைத் திருப்பச் செய்யும். விஜயவாடா தாண்டியதும் பழகிவிடும், பசி பழக்கிவிடும்.

என் பக்கத்தில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த மொழி மலையாளம். ஒடிசா வழியாகப் போகிற ரயிலில், ஓர் அசாம்காரரும் ஒரு தமிழனும் மலையாளத்தில் பேசிக்கொண்டு போனோம்.

"எதற்காகப் போகிறாய்?" என்று கேட்டார்.

"சும்மா, ஊரைப் பார்க்க."

"ஊரில் யாரை?"

"யாரையும் இல்லை. ஊரை."

அவர் இதை மற்றவர்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னார். அந்தப் பகுதியே சிரித்தது. கேலிச் சிரிப்பு என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. சிரித்து முடித்ததும், "அப்படியானால் என் வீட்டுக்கு வா, ஆள் வேண்டியிருக்கிறது" என்றார். அவருடைய ஊர் மாஜுலி. பிரம்மபுத்திராவின் நடுவில் இருக்கும் தீவு. வீட்டை நகர்த்த வேண்டும், அதற்குத்தான் லீவு போட்டுவிட்டுப் போகிறார் என்றார். அரைகுறை மலையாளத்தில் நான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

மரியானியில் இறங்கினோம். ஜோர்ஹாட் போய், நீமாதி படித்துறையில் படகு. படகில் மனிதர்கள், மோட்டார் சைக்கிள்கள், ஆடுகள், சிமெண்ட் மூட்டைகள், ஒரு மணப்பெண்ணின் பீரோ. (2021-இல் அங்கே நடந்த படகு விபத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. நான் போனது அதற்கு முன்பு.) அவர்கள் மிசிங் பழங்குடியினர். மூங்கில் கால்களின் மேல் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய வீடு. கீழே பன்றி, கோழி, தறி. வெள்ளம் வந்தால் மேலே இருந்துகொள்ளலாம். ஆனால் கரையே அறுத்துக்கொண்டு போனால் மேலே இருந்தும் பயனில்லை. கரை அவர்கள் வீட்டுப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

நான் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. வீட்டை உண்மையாகவே பிரித்தோம். மூங்கில், பாய்த்தட்டி, மரத்தூண், தகரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, அடுக்கி, தூக்கிக்கொண்டு உள்ளே தள்ளியிருந்த உறவினர் நிலத்துக்குப் போய், மறுபடி நட்டோம். கிராமமே வந்து தோள் கொடுத்தது. மாலையில் அபோங் என்ற அரிசிக் கள். அவருடைய அப்பாவிடம், "இதற்கு முன்பு வீடு எங்கே இருந்தது?" என்று மகன் மூலமாகக் கேட்டேன். கிழவர் கையை நீட்டி ஆற்றின் நடுவைக் காட்டினார். அதற்கு முன்பு? கையை இன்னும் கொஞ்சம் தூரம் நீட்டினார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த மாஜுலியில் பாதிகூட இன்று இல்லை. 2016-இல் அதைத் தனி மாவட்டமாக்கினார்கள். கரைந்துகொண்டிருக்கும் மாவட்டம்.

அவருடைய தம்பி சென்னைப் புறநகரில் பரோட்டா மாஸ்டர். தொலைபேசியைக் காதில் வைத்தார்கள். அந்தப் பையன் கணீரென்ற தமிழில், "அண்ணா, எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு இருக்காது, கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான். பிறகு, "அப்பா கள்ளைக் குறைத்துவிட்டாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். அப்பா எனக்கு எதிரேதான் உட்கார்ந்து மூன்றாவது குவளையை ஊற்றிக்கொண்டிருந்தார். குறைத்துவிட்டார் என்று சொன்னேன்.

கரையில் ஒன்று பார்த்தேன். கான்கிரீட் கம்பங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போல்ட் போட்டு இணைத்து, வரிசை வரிசையாக ஆற்றுக்குள் இறக்கியிருந்தார்கள். முள்ளம்பன்றி என்றே அதற்குப் பெயர். தண்ணீரைத் தடுக்காது. வேகத்தை மட்டும் குறைக்கும். வேகம் குறைந்த தண்ணீர் சுமந்து வந்த வண்டலை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். கரை மெல்ல வளரும். சில இடங்களில் பலன் தந்திருந்தது, சில இடங்களில் ஆறு முள்ளம்பன்றியையும் சேர்த்துத் தின்றிருந்தது. இங்கே ஏன் நின்றது, அங்கே ஏன் போனது? அந்தக் கரையில் குந்தி உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். படிக்கும் காலத்தில் நீரியல் தாளைத் தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் தொட்டவன் நான்.

அங்கிருந்து வந்த கையோடு வாழ்க்கை மாறிவிட்டது என்று எழுதினால் பொய். வந்து கொஞ்ச நாள் மாமாவின் உரக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஆற்றங்கரைப் பலப்படுத்தும் பணிகள் எடுக்கும் ஒருவரிடம் இருக்கிறேன். இங்கும் பில் தாமதமாகத்தான் பாஸாகிறது. ஆனால் கரையைப் பார்த்தால் கேள்வி வருகிறது, கேள்வி வந்தால் பொழுது போகிறது.


பழைய ஷார்ஜா:

சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்குக் கதை எழுத வராது.

பத்தாம் வகுப்பில் தவறியவன். அதனால் என் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் வளைகுடா வேலைக்கு விமானம் ஏற முடியாது. படித்த பையன்கள் 'எங்கே போவது' என்று யோசிக்கும் வயதில், என்னை 'போக விடுவார்களா' என்ற கேள்விதான் தூங்கவிடவில்லை.

ஷார்ஜாவில் ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் நாங்கள் எட்டுப் பேர். கீழ்க்கட்டிலில் மலப்புரத்துக்காரர் ஒருவர், என் அப்பா வயது. இக்கா என்றுதான் கூப்பிடுவோம். போய்ச் சேர்ந்த இரவே கேட்டார்: "எவ்வளவு?" சம்பளத்தைச் சொன்னேன். "அது இல்லை. எவ்வளவு சேர்ந்ததும் திரும்பிப் போவாய்?" தெரியாது என்றேன். ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, தொகையை எழுதித் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு படு என்றார். தங்கையின் கல்யாணம், வீட்டுக் கடன், ஓர் ஆட்டோ. கூட்டி எழுதினேன்.

அவர் எழுதியிருந்தாரா என்று பல நாள் கழித்துக் கேட்டேன். எழுதியிருந்தாராம். அந்தத் தொகையைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டதாம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் வீட்டில் யாராவது புதிதாக ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் என் தொகை சேர்ந்ததும் வந்துவிட்டேன். ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கேயாவது போக வேண்டும் என்ற அரிப்பு இன்னும் இருக்கிறது. சவாரி வந்தால் போகிறேன்.


ஆச்சியின் பேத்தி:

மேலே எழுதிய மூவருமே ஆண்கள். "கிளம்பினேன்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நாங்கள் எத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பது தனி அத்தியாயம். பொதுப் பெட்டியில் தூளி கட்டி அசாம் போவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை, குறைந்தது என் வீட்டில் இல்லை.

எனக்கு 23 வயதாக இருந்தபோது ஒரே வழி ஆச்சிதான். தேவகோட்டையிலிருந்து காசிக்குப் போக வேண்டும் என்று ஆச்சி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். துணைக்கு ஆள் வேண்டும். அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் குதித்தேன். பக்திமான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

முறைப்படி ராமேசுவரத்தில் ஆரம்பிக்க வேண்டும். அக்னி தீர்த்தக்கரையில் மணல் எடுத்து, பூசை செய்து, பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைக்க வேண்டும். பிறகு காசி. அங்கிருந்து கங்கை நீரைச் செம்பில் அடைத்து, மீண்டும் ராமேசுவரம் வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. எங்கே திரும்புவது, எப்போது முடிப்பது என்பதெல்லாம் போன தலைமுறைகள் முடிவு செய்து வைத்துவிட்ட பாதை. இப்படி எனக்கும் யாராவது ஒரு பாதை போட்டுக் கொடுத்திருந்தால் என்ன என்று ரயிலில் ஏக்கமாக இருந்தது. அப்படிப் போட்டுக் கொடுத்த பாதையிலிருந்து தப்பிக்கத்தான் ரயிலேறியிருக்கிறேன் என்பது அப்புறம் உறைத்தது. வீட்டில் எனக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் தங்கினோம். அங்கிருந்து விசுவநாதர் பூசைக்கான பொருள்களை எடுத்துக்கொண்டு, "சம்போ, சம்போ" என்று குரல் கொடுத்தபடி சந்துகளில் போவார்கள். மாடும் மனிதரும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொள்ளும் அந்தச் சந்தில் அந்தக் குரலுக்கு வழி கிடைக்கும்.

நான் சொல்ல வந்த ஆள் படகுக்காரரும் இல்லை, சாமியாரும் இல்லை. ஆச்சிதான். ஊரில் வாசற்படி தாண்டினால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகும் ஆச்சி, காசியில் விடியற்காலையில் என்னை எழுப்பாமல் தனியே போய்விட்டாள். தேடி அலைந்து கண்டுபிடித்தபோது கேதார் காட் படியில், தமிழ் பேசத் தெரிந்த பூக்காரி ஒருத்தியோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். அவள் அசையவில்லை. "எனக்குப் பதினாலு வயதில் கல்யாணம். அதிலிருந்து இன்று வரைக்கும் எங்கே போனாலும் யாராவது கூட வந்திருக்கிறார்கள். ஒரு தடவை தொலைந்து போய்ப் பார்க்கலாம் என்று வந்தேன். அதற்குள் வந்துவிட்டாய்" என்றாள்.

என் அமைதியின்மையை என் தலைமுறையின் நோய் என்று நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தேன். எழுபது தாண்டிய கிழவி அதை ஐம்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறாள், யாரிடமும் மூச்சு விடாமல்.

மறுநாள் விடியலில் நான் விழித்தே இருந்தேன். ஆச்சி கதவைத் திறந்த சத்தம் கேட்டது. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அன்று அவள் திரும்பி வந்தபோது மணி பதினொன்று. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஊர் திரும்பியதும் புனேயில் ஒரு வேலைக்கு மனுப்போட்டேன். அப்பா மறுத்தார். ஆச்சி திண்ணையிலிருந்து, "போகட்டும், விடு" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. புனே அப்படியொன்றும் சொர்க்கம் இல்லை. மழைக்காலத்தில் துணி காயாது, வீட்டு உரிமையாளர் இரவு ஒன்பது மணிக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுகிறார். ஆனால் பூட்டுக்கு என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. முதல் சம்பளத்தில் அதைத்தான் சண்டை போட்டு வாங்கினேன்.


எட்டயபுரத்தான்:

அக்கா, ஆச்சி பற்றி எழுதியதை இரவுப் பணிக்கு நடுவில் படித்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதில் போவது கொஞ்சம் தாமதமானது. காசியின் பேரில் அவர் மன்னிக்கட்டும்.

பொருநைக்கரை அண்ணனுக்கு ஒரு கேள்வி. சம்பளப் பிரச்சினை இல்லாமல், ஆற்றில் வீடு போகாமல், யாரும் பூட்டி வைக்காமல் இருக்கும் என்னைப்போல் ஒருவன் கிளம்புவது வெறும் கொழுப்புத்தானே? அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?


பொருநைக்கரை:

தோன்றியது. கூச்சமாகக்கூட இருந்தது. ஆனால் நான் கூச்சப்பட்டதால் அவர்களில் ஒருவருக்கும் ஒரு காசு லாபமில்லை. மூங்கில் தூக்கினேன், அதில் கொஞ்சம் லாபம் இருந்தது. கொழுப்பு என்றால் கரைத்துவிட்டு வா.


பனியன் ஊர்:

இவ்வளவு பேரும் போன கதையைச் சொல்கிறீர்கள். நான் திருப்பூரை விட்டு எங்கும் போகாதவன், போகவும் பிடிக்காது. எங்கள் ஊருக்கு வருகிறவனின் கதையைச் சொல்லலாமா?

பவர்டேபிள் வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்கும் சின்ன இடம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மெஷின். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஜார்க்கண்ட் பையன்கள் நிறைய அதில்தான் வந்து இறங்குவார்கள். ஒருவன் இறங்கியது மட்டும் திட்டத்தில் இல்லாத காரியம். கேரளத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தவன், இங்கே குழாயில் தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறான். ரயில் போய்விட்டது. பை உள்ளே, இவன் வெளியே, கையில் பாட்டில்.

யாரோ கூட்டிக்கொண்டுவந்து என்னிடம் விட்டார்கள். வயதுச் சான்று ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரட்டும் என்று காத்திருந்தேன், பத்தொன்பது. கைமடியாகச் சேர்த்தேன். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, பிசிறு வெட்டுவது. ஆறு மாதத்தில் ஓவர்லாக்கில் உட்கார்ந்துவிட்டான். அப்படியொரு கை. ஆனால் கால்தான் ஓர் இடத்தில் நிற்காது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை வருவானா என்பது பகவானுக்கே வெளிச்சம். சூரத்துக்குப் போனான், திரும்பி வந்தான். பெங்களூருக்குப் போனான், வந்தான். லூதியானாவில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தான். தீபாவளி முடிந்து வரும் சத் பூசைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு மாதத்தில் வந்துவிடுவார்கள், இவன் மட்டும் பொங்கலுக்கு வருவான். ஏற்றுமதி ஆர்டருக்குத் தேதி குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன், தமிழில்தான், அவனுக்குப் புரியும்.

ஒருநாள், "என்னதான்டா தேடுகிறாய்?" என்று கேட்டேன். அவன் யோசிக்காமல் சொன்னான்: "எங்கே போனாலும் ஹெல்பராக ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், முதலாளி. எங்கேயாவது ஒரு ஊரில், இவனுக்கு வேலை தெரியும் என்று போன உடனே சொல்வார்களா என்று பார்க்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும், ஓடிப்போன கோபத்தில் நானும் அவனைப் பழையபடி கைமடியில்தான் நிறுத்தியிருந்தேன். அடுத்த வாரம் பீஸ் ரேட்டை ஏற்றி, புதிதாக வாங்கிய மெஷினில் உட்கார வைத்தேன். தங்கிவிட்டான் என்று எழுதினால் உங்களுக்கெல்லாம் பிடிக்கும். மறுபடியும் போனான். ஆனால் இந்த முறை சொல்லிவிட்டுப் போனான், தேதி சொல்லிப் போனான், அந்தத் தேதியில் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இப்போது என் இடத்தில் லைனைப் பார்த்துக்கொள்வது அவன்தான். நின்று நின்று தைத்தவர்களை விட ஊர் ஊராகத் தைத்தவனுக்கு எந்த இடத்தில் தையல் விடும் என்று தெரிகிறது. சூரத்தில் இப்படிச் செய்வார்கள், பெங்களூரில் அப்படி என்று எனக்கே பாடம் எடுக்கிறான். கேட்டுக்கொள்கிறேன், வேறு வழியில்லை.

எட்டயபுரத்துத் தம்பி, அறிவுரை சொல்லக்கூடாது என்று போட்டிருக்கிறாய், சரி. ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? மின்னஞ்சல் எழுதுவதைத் தவிர உன் கைக்கு என்ன வரும்?


எட்டயபுரத்தான்:

அண்ணா, இந்தக் கேள்விக்கு நேற்றிலிருந்து விடை தேடுகிறேன். எதுவும் வராது என்று எழுதத்தான் போனேன். பிறகு யோசித்ததில் ஒன்று அகப்பட்டது. கோபமாக எழுதுகிற மனிதருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் குழுவில் சிக்கலான கடிதங்களை என்னிடம்தான் தள்ளுவார்கள். இதற்கு வெளியே எங்கேயாவது சந்தை இருக்கிறதா என்று தெரியவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வருகிறவர்கள், எதைக் கேட்பது என்றே தெரியாமல் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அம்மாவோடு நிலப்பட்டா விஷயமாக ஒருமுறை போனபோது, வரிசையில் நின்ற பாட்டி ஒருவருக்கு அதை அரைப் பக்கமாகச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இதை என்ன செய்வது என்று இன்னும் புலப்படவில்லை. சட்டம் படிக்கலாமா என்று ஓர் எண்ணம். மூன்றாண்டுப் படிப்பு, பட்டதாரிகள் சேரலாம். பார்க்கலாம்.

அதற்கு முன்பு ஜனவரியில் விவேக் எக்ஸ்பிரஸ். சம்பளமில்லா விடுப்புக் கேட்டேன், கிடைத்துவிட்டது. காட்பாடியில் ஏறுகிறேன். தூளி கட்டும் தைரியம் இல்லை, படுக்கை வசதிப் பெட்டியில்தான் எடுத்திருக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. மாஜுலி வீடு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, அண்ணா?


பொருநைக்கரை:

அவரைக் கேட்டேன். போன மழைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். படித்துறைக்கு அவரே வந்து கூட்டிப்போவார், எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். கம்பளி கட்டாயம் எடுத்துக்கொள். நியூ ஜல்பைகுரி தாண்டினால் ஜனவரிக் குளிர் சென்னைக்காரனைச் சும்மா விடாது. இன்னொரு வேலையும் இருக்கிறது. கிழவருக்கு நம் ஊர் அல்வா மேல் ஆசை வந்துவிட்டது, ஒவ்வொரு முறை பேசும்போதும் கேட்கிறார். ரயில் நாகர்கோவிலில் நிற்கும்போது தெரிந்தவர் யாரிடமாவது இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். காட்பாடியில் ஏறியதும் பெட்டி எண்ணைச் சொல், வாங்கிக்கொள். பயணம் நீளமானது, வழியில் பிரித்துவிடாதே.